கேபினுக்குள் வரும் எண்ணெய்க் குழாய்

"அண்ணே, சிவப்பு விளக்கு எரியறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுக்கணும்னா ஒரு மீட்டர் மாட்டணுமாம். கரண்ட் மீட்டரைவிட மெக்கானிக்கல் மீட்டர்தான் சரியாக் காட்டுமாம். என்ஜின்லேருந்து ஒரு மெல்லிசு டியூப், நேரா டேஷ்போர்டுக்கு. நானே மாட்டிடலாமா?"

பாசிர் ரிஸ் டிரைவ் 3 பக்கம் குடியிருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. மாமாவின் சிறிய நிறுவனத்துக்காகப் பத்தடி லாரி ஓட்டுகிறார். காலையில் விடுதியிலிருந்து ஊழியர்களை ஏற்றிக்கொண்டு வேலையிடம், பகலில் லோயாங் வட்டாரத்தில் சரக்கு, மாலையில் மறுபடியும் ஊழியர்கள். லாரிக்குப் பத்து வயது தாண்டிவிட்டது. அதற்கு முன் அவர்கள் வைத்திருந்த லாரி எண்ணெய் அழுத்தம் போய், என்ஜின் பிடித்துக்கொண்டு, தீவு விரைவுச்சாலையில் நின்றது. என்ஜினை மாற்றிய செலவை அந்தக் குடும்பம் இன்னும் மறக்கவில்லை. அதனால்தான் இந்த அக்கறை.

மாட்டலாம் என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கனரக வாகனப் பணிமனைகளில் பல ஆண்டுகள் கழித்தவன் நான். இந்தச் சின்னக் குழாய் செய்யும் நல்லதையும் பார்த்திருக்கிறேன், கெட்டதையும் பார்த்திருக்கிறேன். பதில் நீளமானது என்பதால் இந்த வாரப் பத்தி முழுவதும் அதற்கே.

முதலில் அந்தச் சிவப்பு விளக்கு. லாரி இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். உங்கள் காரிலும் அது இருக்கிறது. அலாவுதீன் விளக்குப் போன்ற படம், மூக்கு நுனியில் ஒரு சொட்டு. சாவியைத் திருப்பும்போது எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். என்ஜினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். அது காட்டுவது அழுத்தத்தை. பம்ப் எண்ணெயைத் தள்ள, அந்த அழுத்தத்தில்தான் கிராங்க் தண்டும் அதன் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்து சுழல்கின்றன. படலம் போனால் உலோகத்தோடு உலோகம் உரசும். பேரிங் பாழாக நிமிடக் கணக்கு போதும்.

சிக்கல் என்னவென்றால், அந்த விளக்கை எரியவைக்கும் சுவிட்ச் பெரும்பாலான என்ஜின்களில் 0.3 முதல் 0.5 பார் வரை இறங்கிய பிறகுதான் வேலை செய்யும். சூடேறிய என்ஜின் 2,000, 3,000 சுற்றில் ஓடும்போது இருக்க வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய 3 முதல் 5 பார். நான்கு பாரில் இருக்க வேண்டியது ஒரு பாருக்கு இறங்கிவிட்டாலும் விளக்கு வாய் திறக்காது. அது திறக்கும்போது ஆபத்து வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால், "பக்கத்துலதானே வீடு, போய்ச் சேர்ந்துடலாம்" என்ற கணக்கே கூடாது. ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள். மஞ்சளாக எரிந்தால் அது வழக்கமாக எண்ணெய் அளவு குறைந்ததற்கான அறிவிப்பு, அதற்கு நேரம் இருக்கிறது. சிவப்புக்கு இல்லை.

ஆகவே தம்பி முள் வைத்த மீட்டர் கேட்பது நியாயம். அவர் கேட்கும் வகை மீட்டரின் உள்ளே இருப்பது 1849ஆம் ஆண்டு பாரிசில் யூஜின் பூர்தோன் என்பவர் காப்புரிமை பெற்ற ஒரு எளிய கருவி. பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் ஊதும் காகித ஊதலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊதினால் சுருள் விரியும், விட்டால் சுருண்டுகொள்ளும். அதேபோல், ஒரு தட்டையான உலோகக் குழாயை வளைத்து வைத்து, உள்ளே அழுத்தத்தை விட்டால் அது நிமிரப் பார்க்கும். அந்தச் சிறு அசைவைப் பல்சக்கரம் பெரிதாக்கி முள்ளைத் திருப்பும். 175 ஆண்டுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை. எரிவாயு உருளை, காற்றழுத்தி, கப்பல் என்ஜின் அறை என்று எங்கே வட்டமான அழுத்த மீட்டரைப் பார்த்தாலும் பெரும்பாலும் உள்ளே இருப்பது பூர்தோன் குழாய்தான்.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது இன்னும் நெருக்கம். கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையத்தில் 1970களில் தொடங்கிய பிரிக்கால் நிறுவனம், முழுப்பெயர் பிரீமியர் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் அண்ட் கண்ட்ரோல்ஸ், டேஷ்போர்டு மீட்டர்கள் செய்தே வளர்ந்தது. பழைய லாரிகளிலும் டிராக்டர்களிலும் எண்ணெய் அழுத்த மீட்டர் இல்லாமல் இருக்காது. 1960களின் மினி கூப்பர், எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்களில் தொழிற்சாலையிலேயே குழாய் போட்டு எண்ணெயை டேஷ்போர்டு வரை கொண்டுவந்திருந்தார்கள். இங்கே 35 வயதைக் கடந்த கார்களைக் கிளாசிக் வாகனத் திட்டத்தில் பராமரிக்கும் இளைஞர்கள் சிலர் அந்தப் பழைய மீட்டரைத்தான் பெருமையோடு காட்டுவார்கள். சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்படும்வரை, அங்கே தரையில் விரித்த துணிமேல் இப்படிப்பட்ட மீட்டர்களைப் பார்க்கலாம்.

இனி அந்தக் குழாய்க்கு வருகிறேன்.

இந்தக் குழாய்க்குள் எண்ணெய் ஓடுவதில்லை. பலர் கவனிக்காத செய்தி இது. மீட்டர் ஒரு முட்டுச்சந்து. எண்ணெய் போய் நின்று அழுத்தத்தை மட்டும் சொல்லும். அதனால் டேஷ்போர்டுக்குப் பின்னால் குழாயைத் தொட்டால் வெதுவெதுப்புக்கூட இருக்காது. "இதுல என்ன ஆபத்து, பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு" என்று சொல்லத் தோன்றும். குழாய் வெடித்தால் கதையே வேறு. நின்ற எண்ணெய் ஓடத் தொடங்கும். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்விட்டம் 2 மில்லிமீட்டர், நீளம் 2 மீட்டர் உள்ள குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் மொத்தம் 6 மில்லிலிட்டர்தான், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுமேல். நான்கு பார் அழுத்தத்தில் அதன் மறுமுனை திறந்துகொண்டால், சூடான மெல்லிய எண்ணெய் நிமிடத்துக்கு அரை லிட்டர்போல் வரும். அதாவது ஆறிய எண்ணெய் எல்லாம் ஒரே நொடியில் தீர்ந்துபோய், அதன் பின்னாலேயே என்ஜினுக்குள் 90, 100 டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும் எண்ணெய் கேபினுக்குள் வந்துவிடும். கார் டயரில் இருக்கும் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தத்தோடு.

எங்கே வரும்? டேஷ்போர்டுக்குக் கீழே, ஓட்டுநரின் முழங்காலில், கால் பாதத்தில். செருப்புப் போட்டு ஓட்டுபவர் என்றால் சொல்லவே வேண்டாம். சூடு ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அதைவிடப் பெரிய பயம் பிரேக் பெடல். எண்ணெய் வழிந்த பெடலில் கால் நிற்காது. சுட்ட காலைத் தூக்கிய மனிதன் மறுபடி வைக்கும்போது வழுக்கும். தெம்பனிஸ் விரைவுச்சாலையில், பின்தட்டில் பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பத்துப் பேருக்கும் இந்தக் குழாயைப் பற்றி ஒன்றும் தெரியாது.

குழாய் என்ஜின் பக்கம் அறுந்தாலும் நிம்மதியில்லை. பாரம் ஏற்றி ஓடும் டீசல் என்ஜினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு 400 டிகிரியை எட்டலாம். அதன்மேல் எண்ணெய் பீய்ச்சினால் தீப்பிடிக்கும்.

ஆகவே தம்பியிடம் நான் முதலில் சொன்னது: "உன் லாரிக்கு மின்சார மீட்டர் போடு." சென்சர் என்ஜினிலேயே இருக்கும், கேபினுக்குள் வருவது கம்பி மட்டும். எண்ணெய் வெளியிலேயே நின்றுவிடும். மெக்கானிக்கல் மீட்டரின் பெருமைகளை நான் மறுக்கவில்லை. பேட்டரி போனாலும் காட்டும், ஃபியூஸ் போனாலும் காட்டும், முள் உடனுக்குடன் அசையும். மின்சார சென்சர் சில வருடங்களில் பொய் சொல்லத் தொடங்கும் என்பதும் உண்மை. பணிமனையில் சந்தேகம் வந்தால் நாங்களே மெக்கானிக்கல் மீட்டரை என்ஜினில் நேரடியாக மாட்டித்தான் சரிபார்ப்போம். ஆனால் அது பானெட்டைத் திறந்து, கேபினைத் தூக்கி வைத்துக்கொண்டு செய்யும் சோதனை. ஆட்களை ஏற்றி ஓடும் வண்டிக்குள் நிரந்தரமாக அந்தக் குழாயைக் கொண்டுவருவதற்கு அது நியாயம் ஆகாது. நல்ல தரமான மின்சார மீட்டர், சரியான ஃபியூஸ், சென்சரும் மீட்டரும் ஒரே தயாரிப்பாளருடையது. என் கட்சி அதுதான்.

அவர் விடவில்லை. "மீட்டர் வாங்கிட்டேனே அண்ணே" என்றார். கிளாசிக் கார் வைத்திருப்பவர்களுக்கோ முதலிலிருந்தே அந்த மீட்டர்தான். சரி, போடத்தான் வேண்டும் என்றால் எப்படிப் போடுவது?

என்ஜினில் சிவப்பு விளக்கின் சுவிட்ச் இருக்கும் துளையில்தான் மீட்டரின் குழாயும் சேர வேண்டும். சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த இடத்தில் குழாயை மாட்டுபவர்கள் உண்டு. கூடாது. ஒரு டி பீஸ் போட்டு இரண்டையும் வையுங்கள். ஓட்டுநர் முள்ளையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார், கண்ணில் குத்துவது விளக்குத்தான்.

இங்கேதான் மரை விவகாரம் வரும். ஜப்பானிய லாரிகளில் பெரும்பாலும் எட்டில் ஒரு அங்குல பிரிட்டிஷ் கூம்பு மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்க மீட்டரோடு வருவது எட்டில் ஒரு அங்குல என்பிடி மரை, அங்குலத்துக்கு 27 சுற்று. பார்வைக்கு இரட்டைப் பிறவிகள். கையால் திருகினால் முதல் இரண்டு மூன்று சுற்று நன்றாகவே ஏறும், பிறகு இறுகும். "ஆஹா, பிடித்துக்கொண்டது" என்று ஸ்பேனரைப் போட்டால் மரை சிதையும், அல்லது ஒரு வாரம் கழித்துக் கசியும். அலுமினிய உறையில் இதைச் செய்தால் உறையே விரியலாம். ஐரோப்பிய வண்டி என்றால் பத்து மில்லிமீட்டர் மெட்ரிக் மரையாக இருக்கக்கூடும். ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளுக்குப் போகும்போது பழைய சுவிட்சையே கையில் எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் மரை அளக்கும் தகடு இருக்கும். வாயால் சொல்லி வாங்குகிற சாமான் இல்லை இது.

மரைக்கு வெள்ளை டேப் சுற்றுவதை நான் விரும்புவதில்லை. கிழிந்த துணுக்கு எண்ணெய் வழியில் போய் உட்காரும். எண்ணெய்க்கும் சூட்டுக்கும் ஏற்ற திரவப் பசை, முதல் மரையை விட்டுவிட்டு, மெல்லிசாகப் போதும். கனமான பித்தளைப் பாகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி என்ஜினில் தொங்கவிடாதீர்கள். டீசல் என்ஜினின் அதிர்வில் சில மாதங்களில் அடியோடு முறியும். அதற்குப் பதில் என்ஜினிலிருந்து ஒரு குட்டி ஹோஸ் எடுத்து, டி பீசைச் சேசிஸில் ஒரு பிடிப்பானில் உறுதியாக வைத்துவிடலாம்.

டி பீசுக்கும் குழாய்க்கும் நடுவே இரண்டு சின்னச் சாமான். ஒன்று, ஊசித்துளை அடைப்பு. அரை மில்லிமீட்டர்போல் துளையுள்ள பித்தளைத் துண்டு. எண்ணெய் ஓடாத குழாய் என்று சொன்னேனே, அதனால் வழியைச் சுருக்கினாலும் மீட்டர் காட்டும் எண் மாறாது, முள் நடுங்குவதுகூடக் குறையும். குழாய் வெடித்தால் மட்டும் கொட்டும் அளவு பெருமளவு குறைந்துவிடும். இரண்டாவது, சூட்டைத் தாங்கும் ஒரு சிறு வால்வு, கேபினுக்கு வெளியே. வழியில் குழாய் போனால் வால்வை மூடிவிட்டு, எண்ணெய் அளவைச் சரிபார்த்து, சிவப்பு விளக்கை நம்பிப் பணிமனை வரை போய்ச் சேரலாம். மீட்டர் வாங்கும் ஆசையில் நூற்றுக்கு ஒருவர்கூட இந்த இரண்டையும் வாங்குவதில்லை என்பதுதான் என் அனுபவம்.

பெட்டியில் வரும் பிளாஸ்டிக் குழாயைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. நைலான் உருகுவதற்கு 180 டிகிரியோ அதற்கு மேலோ வேண்டும்தான். ஆனால் அதற்கு வெகு முன்பே அது இளகி, அழுத்தத்தில் பலூன்போல் உப்பத் தொடங்கும். மலிவான பெட்டிகளில் இருப்பது நைலான்தானா என்பதே கேள்வி. செப்புக் குழாய் சூட்டைத் தாங்கும், அதிர்வைத் தாங்காது. அதிர அதிர இறுகி, ஒரு நாள் சத்தமில்லாமல் கீறல் விடும். செம்பு போடுவதானால் என்ஜின் பக்கத்தில் இரண்டு மூன்று சுருள் சுற்றி விட வேண்டும், அதிர்வைச் சுருள் வாங்கிக்கொள்ளும். நான் போடுவது, எண்ணெய்க்கென்றே செய்த, எஃகுக் கம்பி பின்னிய ஹோஸ். இரு முனையிலும் தொழிற்சாலையில் அழுத்திய இணைப்பு. விலை கூடும், கூடட்டும்.

இணையத்தில் காட்டும் வழிமுறைகள் பெரும்பாலும் முன்னால் மூக்கு நீண்ட அமெரிக்க வண்டிகளுக்கானவை. என்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே ஒரு இரும்புச் சுவர், அதில் ஒரு துளை, குழாய் உள்ளே வரும், முடிந்தது வேலை. நம் ஊர் லாரிகள் அப்படி இல்லை. என்ஜின் இருக்கைக்கு அடியில் இருக்கும். பல வண்டிகளில் பழுதுபார்க்கக் கேபினையே முன்னோக்கிச் சாய்க்க வேண்டும். என்ஜின் சேசிஸோடு நிற்கும், கேபின் மேலே போகும். இரண்டுக்கும் நடுவே விறைப்பாகக் கட்டிய குழாய் என்ன ஆகும்? கேபினைத் தூக்கிய அன்றே அறுந்தால் பரவாயில்லை, கண்ணில் படும். பாதி இழுபட்டு, இணைப்பு மட்டும் தளர்ந்து நின்றால், தூக்கிய மெக்கானிக்குக்கும் தெரியாது, மறுநாள் ஓட்டுபவருக்கும் தெரியாது. எனவே குழாய் கேபினின் கீல் இருக்கும் பக்கமாகத்தான் போக வேண்டும், அங்கேதான் அசைவு குறைவு. பிரேக் குழாய்களும் ஒயர்க் கட்டும் எந்த வழியாகத் திரும்புகின்றன என்று பாருங்கள். தயாரிப்பாளர் அந்த வழியைக் காரணத்தோடுதான் தேர்ந்திருப்பார். அதே வழியில், போதிய தளர்ச்சியோடு, பிரேக் குழாயில் கட்டாமல் தனிக் கிளிப்பில் கொண்டு போங்கள். மாட்டி முடித்ததும் என்ஜினை நிறுத்தி வைத்து, கேபினை முழுவதும் சாய்த்து ஒருமுறை, இறக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எக்ஸாஸ்ட், டர்போ, ஃபேன் பெல்ட், ஸ்டியரிங் தண்டு, பெடல் கைகள், இவற்றின் அருகில் குழாய் போகவே கூடாது. தகட்டில் துளை வழியே வரும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். வெறும் தகட்டு விளிம்பு அதிர்வில் கத்திபோல் அறுக்கும். புதுத் துளை போடுவதைவிட ஏற்கெனவே உள்ள துளையைப் பயன்படுத்துவது நல்லது. துளை போட்டாக வேண்டுமென்றால் முதலில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டோரிங் தளத்தைப் பாருங்கள். அனுமதி தேவையில்லாதவை, அனுமதி பெற வேண்டியவை, அனுமதிக்கப்படாதவை என்று வாகன மாற்றங்களை அங்கே மூன்றாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். பத்து வயது தாண்டிய லாரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். அங்கே எண்ணெய்க் கசிவோடு போய் நிற்பது நல்ல யோசனை அல்ல.

கேபினுக்குள் வந்த பிறகு என் பழைய மேற்பார்வையாளர் ஒருவர் செய்யும் வேலையைச் சொல்கிறேன், மிக எளியது. குழாயைச் சற்றுப் பெரிய ரப்பர் ஹோஸ் ஒன்றுக்குள் நுழைத்து, அந்த ஹோஸின் கீழ் முனையைத் தரைத்தகட்டுக்குக் கீழே திறந்து விடுவார். உள்ளே குழாய் கசிந்தாலும் எண்ணெய் ஓட்டுநரின் காலுக்கு வராமல் கீழே தரைக்குப் போகும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் தண்ணீருக்கு வடிகுழாய் வைப்பதில்லையா, அதே புத்தி. மீட்டரின் பின்புற இணைப்பையும் முழங்காலுக்கு நேராக வைக்காமல் நடுப்பக்கம் தள்ளி வைப்பார்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய்க்குச் செய்ததுபோல் பெட்ரோல் அழுத்த மீட்டரையும் குழாய் போட்டுக் கேபினுக்குள் கொண்டுவரலாமே என்று கார்ப் பிரியர்கள் கேட்பதுண்டு. கூடவே கூடாது.

சோதனைக்கு அவசரம் வேண்டாம். இந்த வேலையை வீவக கார் நிறுத்துமிடத்தில் வைத்துக்கொள்ளவும் வேண்டாம். சிந்தும் எண்ணெயில் அடுத்த வீட்டுப் பாட்டி வழுக்கி விழுந்தால் யார் பொறுப்பு? பணிமனையில், எண்ணெய் அளவைப் பார்த்துவிட்டு, என்ஜினை மெதுவோட்டத்தில் விடுங்கள். முள் உயர வேண்டும். குழாயில் காற்று இருந்தால் சற்றுச் சோம்பலாக ஏறும், கவலையில்லை. ஒவ்வோர் இணைப்பையும் டிஷ்யூ பேப்பரால் ஒற்றிப் பாருங்கள், அதுவும் என்ஜினை நிறுத்தியபின். கசிகிறதா என்று ஓடும் என்ஜினில் விரலால் தடவுகிற பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு, விட்டுவிட வேண்டும். பிறகு நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டு, 2,000 சுற்றில் சில நிமிடம் வைத்து, நிறுத்தி, மறுபடி டிஷ்யூ. சூட்டில்தான் பித்தளையும் ரப்பரும் தங்கள் உண்மைக் குணத்தைக் காட்டும். மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை பார்க்க வேண்டும். ஒருமுறை கழற்றிய இணைப்பில் பழைய பித்தளை வளையத்தையே மறுபடி போடாதீர்கள், அது முதல் தடவையே நசுங்கி வடிவம் மாறிவிட்டது.

எல்லாம் செய்தும் ஓடும்போது குழாய் போய்விட்டால்? பதற்றத்தில் பலர் மீட்டரைப் பிடுங்கவோ துணியால் அடைக்கவோ பார்ப்பார்கள். குழாயில் எண்ணெயைத் தள்ளுவது என்ஜின்தான், அது நின்றால் சில நொடிகளில் அழுத்தமும் நிற்கும். ஆகவே அபாய விளக்கைப் போட்டு, ஓரத்துக்கு வந்து, வண்டி நின்றதும் என்ஜினை அணையுங்கள். ஓடும்போதே அணைத்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும். பின்னால் இருப்பவர்களைத் தடுப்புக்கு அப்பால் பத்திரமாக நிற்கச் சொல்லுங்கள். விரைவுச்சாலையில் நின்றுபோன வண்டியை அருகிலுள்ள குறிப்பிட்ட கார் நிறுத்துமிடத்துக்கு இலவசமாக இழுத்துச் செல்லும் சேவையை நிலப் போக்குவரத்து ஆணையம் வைத்திருக்கிறது. புகையோ தீயோ தெரிந்தால் 995.

காலில் எண்ணெய் பட்டிருந்தால் காலணியையும் காலுறையையும் உடனே கழற்றுங்கள், எண்ணெய் துணியில் ஊறி நின்று சுட்டுக்கொண்டே இருக்கும். தோலோடு ஒட்டியிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம். பற்பசை, தேன், இட்லி மாவு எதுவும் வேண்டாம். கொப்புளம் வந்தால் மருத்துவமனைக்கு.

தம்பி கடைசியில் மின்சார மீட்டருக்கே வந்துவிட்டார். வாங்கிய மெக்கானிக்கல் மீட்டரை என்ன செய்வது என்றார். என்னிடம் கொடு, சோதனைப் பெட்டியில் கிடக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன். போன சனிக்கிழமை அதை வைத்துத்தான் அவருடைய புது மீட்டரைச் சரிபார்த்தோம், கேபினைத் தூக்கி வைத்து, என்ஜின் பக்கத்தில் நின்றபடி. இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டின. பிறகு லோயாங் துவா பெக் கோங் கோயிலுக்குப் போய், அங்கேயுள்ள பிள்ளையாருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்.

எந்த மீட்டரானாலும் மாட்டிய முதல் வாரத்தில் ஓர் அட்டையில் மூன்று எண்களை எழுதி கண்ணாடிக்கு மேல் செருகி வையுங்கள். காலையில் குளிர்ந்த என்ஜினின் மெதுவோட்டத்தில் எவ்வளவு, சூடேறிய பின் மெதுவோட்டத்தில் எவ்வளவு, சூட்டில் 2,000 சுற்றில் எவ்வளவு. குளிர்ந்தபோது எண் கூடுதலாகவும் சூட்டில் குறைவாகவும் இருப்பது இயல்பு. கவனிக்க வேண்டியது, இரண்டாவது எண் மாதத்துக்கு மாதம் இறங்குகிறதா என்பதை. தம்பியின் லாரியில் அது இப்போது 1.4 பார். ஒன்றுக்குக் கீழே வந்தால் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிவிட்டு என்னிடம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.